நடுச்சுவர் மீன்தொட்டிக்கு ஒரு விளக்கு

— இது வேண்டாம் தம்பி. கண்ணு கூசுது. இதை மாட்டினா மீன் தெரியுமா, இல்ல லைட் மட்டும்தான் தெரியுமா?

— மீன் ஜம்முனு தெரியும் அண்ணி. இப்ப கையில புடிச்சுக் காட்டுறேன், அதான் கூசுது. மூடிக்கு அடியில மாட்டிட்டா வெளிச்சம் நேரா தண்ணிக்குள்ள இறங்கிடும். உங்க முகத்துல அடிக்காது.

— தண்ணிக்குள்ள இறங்கி எங்க போகும்?

— செடி மேல படும், மணல் மேல படும். வேற எங்க போகும்?

— அந்தப் பக்கம் போகுமா?

— எந்தப் பக்கம்?

— கேக்குறதைப் பாரு. இந்தப் பக்கம் நான் நிக்கிறேன். அந்தப் பக்கம்னா அந்தப் பக்கம்தான்.

— ஓ, சின்ன அண்ணி வீட்டுப் பக்கமா.

— மெதுவா பேசு.

— இவ்வளவு கனமான கண்ணாடி, நடுவுல அத்தனை தண்ணி. நாம கத்தினாலும் அங்க கேக்காது அண்ணி.

— தெரியும். இருந்தாலும் அந்த வீட்டைப் பத்தி மெதுவா பேசியே பழகிடுச்சு. சொல்லு, அடுத்தது என்ன வச்சிருக்கே?

— மூணு கொண்டு வந்திருக்கேன். நீங்க பார்த்தது பெருசு. ரெண்டு வரிசை பல்பு, செடி நிறைய வளர்க்கிறவங்க வாங்குறது. இது நடுத்தரம், ஒரே வரிசை, வெள்ளை. இந்தச் சின்னது நீலம், நிலா வெளிச்சம்னு சொல்லி விக்கிறோம். விளக்கை அணைச்ச பிறகு அழகுக்கு எரிய விடுறது.

— நிலாவா? காட்டு. ம், இது பரவாயில்ல. இதையே மாட்டிட்டுப் போ.

— அட, இது மட்டும் பத்தாது அண்ணி. செடிக்கு இது சோறு இல்ல, வெறும் ஊறுகாய். கொஞ்ச நாள்ல அழுகிப்போகும். அழுகினா தண்ணி கெடும். தண்ணி கெட்டா மீன் மேல வந்து வாயைப் பொளக்கும். அப்புறம் என்னைத்தான் திட்டுவீங்க.

— சரி, மீனுக்கு எது நல்லது? வியாபாரம் பேசாம சொல்லு.

— உண்மையைச் சொல்லணும்னா இந்த நடுத்தரம். நீங்க வச்சிருக்கறது ஏஞ்சல் மீன். கொஞ்சம் கூச்ச சுபாவம். நிழல் வேணும், செடிக்குப் பின்னாடி ஒளிஞ்சு நிக்கணும். பெரிய லைட்டைப் போட்டா மூலையில போய் ஒண்டிக்கும். பாசியும் புடிக்கும். அப்புறம் பாசி தின்னுற நம்ம சக்கர் மீன் ராப்பகலா கண்ணாடியை நக்கிட்டே கிடக்கணும்.

— அது பாவம், ரெண்டு வீட்டுக்கும் வேலை செய்யறது அது ஒண்ணுதான்.

— அதுவும் சரிதான்.

— நடுத்தரம்தான் நல்லதுன்னு நீயே சொல்றே. அப்புறம் எதுக்கு வந்ததும் வராததுமா பெருசை எடுத்து நீட்டினே?

— எனக்குச் சொன்னது அப்படி அண்ணி.

— அவர் சொல்லியிருப்பார். எதைச் செஞ்சாலும் என்கிட்ட ஒரு வார்த்தை கிடையாது. ஆள் வந்து வாசல்ல நிக்கும்போதுதான் எனக்கே தெரியும். என்ன சொன்னார்? அந்த வீடு தெரியாத மாதிரி போடுன்னாரா?

— அது ஒரு பக்கம் இருக்கட்டும். நான் மூடியை அளந்துக்கறேன். அந்த ஸ்டூலைக் கொஞ்சம் நகர்த்துங்க.

— பேச்சை மாத்தாதே. நீ அண்ணன் தம்பி ரெண்டு பேரோடயும் பள்ளிக்கூடத்துல படிச்ச பையன். மீன்தொட்டி விக்கிற உனக்குத் தொட்டின்னு பேரு வச்சதே அவங்கதான். இந்த ஹால் ஒரே ஹாலா இருந்தப்ப இங்க உக்காந்து எத்தனை தடவை டீ குடிச்சிருக்கே. இப்ப பாரு எப்படி இருக்குன்னு. நல்லா பாரு.

— பார்த்துட்டுதானே அண்ணி இருக்கேன். சுவர் இவ்வளவு கிட்ட வரும்னு நினைக்கல. அந்த பெரிய ஜன்னல் என்னாச்சு?

— அது அவங்க பங்குக்குப் போயிடுச்சு. எங்களுக்குக் கதவு, அவங்களுக்கு ஜன்னல். எங்க வாசல் இந்தத் தெரு. அவங்க பின்கதவை இடிச்சு பின்தெருவுல வாசல் வச்சுக்கிட்டாங்க. சுத்திக்கிட்டுப் போனா ஒரு தெருக்கோடி திரும்பணும். கூப்பிடு தூரம்தான். ஆனா போக முடியாது.

— தொட்டியை மட்டும் ஏன் விட்டாங்க?

— தூக்க வந்த ஆளுங்க பார்த்துட்டு, இவ்வளவு பெருசைத் தண்ணியை வடிச்சு அசைச்சா ஒட்டின இடமெல்லாம் விட்டுப்போகும்னுட்டாங்க. இவர் என் தொட்டின்னார். அவர் என் தொட்டின்னார். அப்பா வாங்கினது ஆச்சே. கொத்தனார் பார்த்தார், ரெண்டு பேரும் விட்டுக்கொடுக்கற ஜாதி இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. இதுக்கு அடியில, பக்கத்துல, மேலன்னு சுத்திச் சுவரைக் கட்டிட்டுப் போயிட்டார். பாத்திரம் பண்டம் எல்லாத்தையும் பிரிச்சாங்க. மீனை மட்டும் பிரிக்க முடியல.

— சிரிக்கறதா அழறதான்னு தெரியல அண்ணி.

— எனக்கும்தான். கொத்தனாரே சுவர்ல ஒரு ஜன்னல் வச்சிட்டுப் போனார், இவங்களுக்குத்தான் அது புரியல. தொட்டியில இருந்த டியூப் லைட் போனதுலேருந்து நான் ராணி மாதிரி இருக்கேன்.

— டியூப் போனா ராணியா?

— தொட்டிக்குள்ள வெளிச்சம் இருந்தா பார்வை மீனோடயே நின்னுடும். தொட்டி இருட்டா இருந்து அங்க விளக்கு எரிஞ்சா, அந்த ஹால் அப்படியே தெரியும். அவ தலை வாரறது தெரியும். துணி மடிக்கறது தெரியும். கண்ணாடியில முகத்தை ஒட்டிக்கிட்டு மீன் மாதிரி வாயைத் திறந்து மூடுவா, வாலு.

— சின்ன அண்ணியை இன்னும் வாலுன்னுதான் கூப்பிடுறீங்களா?

— என் தங்கச்சிக்குப் பிறந்த அன்னிக்கு வச்ச பேரு. கல்யாணம் ஆனா போயிடுமா? அவ வாயைத் திறந்து மூடுவா, நானும் திறந்து மூடுவேன். பாதிக்குப் பாதி புரியாது. ஒருநாள் தலைவலிங்கறா, நான் பல்வலின்னு புரிஞ்சுக்கிட்டு கன்னத்துல கை வச்சுக் காட்டுறேன். அவ விழுந்து விழுந்து சிரிக்கிறா. சிரிச்சதுல தலைவலி போச்சா என்னன்னு அப்புறம் கேக்க மறந்துட்டேன்.

— போன்ல பேசலாமே.

— எந்தப் போன்? இவர் என் போனை வாங்கி அவ நம்பரை எடுத்துட்டார். அங்கயும் அதே கதைதான். கையில போன் இருக்கு, யாருக்குப் பேசினேன்னு தினம் கணக்கு ஒப்பிக்கணும். அந்த வாசலை மிதிச்சா இந்த வாசலை மறந்துடுன்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டார். மறந்துட்டு நான் எங்க போறது? எங்க அப்பா அம்மா இருக்காங்களா, அண்ணன் இருக்கானா? இருக்கறது அவ ஒருத்தி. அவ சுவத்துக்கு அந்தப் பக்கம்.

— எல்லாம் அந்த ஆபரேஷனால வந்தது.

— மாமியாருக்கு ஆபரேஷன் பண்ணிடலாம்னு இவர் கையெழுத்துப் போட்டார். தாங்க மாட்டாங்க, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்னு அவர். உள்ள போனவங்க திரும்பி வரல. நீதான் கொன்னேன்னு அவர் ஒரு வார்த்தை விட்டார். விட்ட வார்த்தையை இவர் இன்னும் கீழ வைக்கல.

— யார் மேல அண்ணி தப்பு?

— யார் மேலயும் இல்ல தம்பி. அதனாலதான் தீர மாட்டேங்குது. தப்பு இருந்தா யாராவது ஒருத்தர் மன்னிப்புக் கேட்டுத் தொலைச்சிருக்கலாம்.

— ம்.

— அதனால சொல்றேன். இந்தப் பெரிய லைட்டை மாட்டாதே. நிலா லைட்டை மாட்டு. செடி அழுகினா அழுகட்டும், செடியைப் பிடுங்கிப் போட்டுட்டு பிளாஸ்டிக் செடி வச்சுடறேன். அவர் கேட்டா பெருசு சரிப்படாது, மீனுக்கு ஆகாதுன்னு சொல்லிடு. நீ சொன்னா நம்புவார்.

— அதுல ஒரு சிக்கல் இருக்கு அண்ணி.

— என்ன சிக்கல்? மீனுக்கு ஆகாதுன்னு இப்பதானே உன் வாயால சொன்னே. பொய் கூட இல்ல.

— பொய் இல்லதான். ஆனா சொன்ன வேலையைச் செய்யலன்னா என் பேரு கெட்டுப்போகும்.

— உன் பேரு. இந்த வீட்டுல எனக்கு ஒரே ஒரு முகம் தெரியுது தம்பி. அதையும் அணைச்சுட்டு உன் பேரைக் காப்பாத்திக்கப் போறியா? காலையில எழுந்திரிச்சா அந்த முகத்தைப் பார்த்துதான் அடுப்பைப் பத்த வைக்கிறேன். அவர் கடைக்குப் போனதும் நாற்காலியை இங்க இழுத்துப் போட்டுக்கறேன். காய் நறுக்கறது இங்க. துணி தைக்கிறது இங்க. இதையும் மூடிட்டா நான் இங்க சுவத்தைப் பார்த்துட்டு உக்காந்திருக்கணும்.

— புரியுது அண்ணி.

— புரிஞ்சா நிலாவை எடு.

— எப்படிப் பார்த்தாலும் ரெண்டு மூடியையும் மாத்தியாகணும். இந்தப் பக்க மூடி பரவாயில்ல. அந்தப் பக்கத்துல ஓரம் விரிசல் விட்டிருக்கு, கைப்பிடியும் கழண்டு தொங்குது. அதுல எந்த லைட்டும் நிக்காது.

— இரு. என்ன சொன்னே?

— மூடி மாத்தணும்னேன்.

— அந்தப் பக்க மூடியில விரிசல்னு சொன்னே. இங்கிருந்து பார்த்தா அந்த மூடியே தெரியாது. நடுவுல கொத்தனாரோட சிமெண்ட் நிக்குது. நான் எத்தனை மாசமா இந்தத் தொட்டி முன்னாடி உக்காந்திருக்கேன், எனக்கே தெரியாது. உனக்கு எப்படித் தெரியும்?

— பழைய மூடிதானே. ஒரு யூகம்தான்.

— கைப்பிடி தொங்கறதும் யூகமா? நீ அந்த வீட்டுக்குப் போனியா?

— அண்ணி, அளந்துட்டேன், சாமானை எடுத்துட்டு வந்துடறேன்.

— கீழ இறங்கு. என் முகத்தைப் பார்த்துச் சொல்லு. போனியா இல்லையா?

— போனேன். காலையில.

— அங்க யாரு கூப்பிட்டது?

— சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன் அண்ணி.

— உங்க அண்ணன் உன்னைக் கூப்பிடவே இல்ல. அப்படித்தானே? நான் பாட்டுக்கு அவர் அவர்னு புலம்பிட்டிருக்கேன், நீயும் வாயை மூடிட்டுக் கேட்டுட்டிருக்கே. சின்னவர் கூப்பிட்டாரா? எங்களைப் பார்க்கப் பிடிக்கலையாமா?

— சின்ன அண்ணன் கட்டிலை விட்டே எழுந்திரிக்கல. நான் வந்ததைப் பார்த்தார், திரும்பிப் படுத்துக்கிட்டார். என் கூட ஒரே பள்ளிக்கூடத்துல படிச்ச ஆளு, வான்னு ஒரு வார்த்தை சொல்லல.

— அப்ப யாரு?

— சின்ன அண்ணிதான்.

— பொய்.

— சத்தியமா. இருக்கறதுலயே பெரிய லைட்டா பார்த்து மாட்டுங்க, மாட்டின பிறகு இந்தப் பக்கத்துலேருந்து அக்கா வீடு தெரியக் கூடாதுன்னு சொன்னாங்க. ஸ்விட்ச் உங்க பக்கம் இருக்கறதால இங்க வந்துதான் மாட்டணும்னேன். அப்ப அக்காகிட்ட என் பேரைச் சொல்லாதீங்க, அவளே அத்தான் சொன்னார்னு நினைச்சுக்குவான்னாங்க. நீங்களும் அப்படியே நினைச்சீங்க.

— நான் என்ன பண்ணினேன் அவளுக்கு? கொஞ்ச நாளாவே சரியில்ல. என்னவோ சொல்ல வர்றா, எனக்குப் பிடிபடல. கையை வாசல் பக்கம் காட்டிக் காட்டிப் பேசுறா. தெருக் குழாய்ல தண்ணி வரலையாக்கும்னு நான் குடத்தைத் தூக்கிக் காட்டினேன். அன்னிக்கு அழுதா. குடத்துக்கு எதுக்கு அழறான்னு எனக்கு விளங்கல.

— அவங்க சொன்னது குழாய் இல்ல அண்ணி.

— பின்ன?

— கிளம்பப் போறாங்களாம்.

— எங்க?

— கல்யாணத்துக்கு முன்னாடி ரத்தம் டெஸ்ட் பண்ற லேப்ல இருந்தாங்களே, கூட வேலை பார்த்தவங்க வேற ஊர்ல பெரிய லேப் வச்சிருக்காங்களாம். வேலை இருக்கு, தங்க ரூம் இருக்கு, வான்னு சொல்லியிருக்காங்க.

— சின்னவரும் போறாரா?

— இல்ல. அவர்கிட்ட இன்னும் சொல்லல. சொன்னாலும் அவர் காதுல ஏறுமான்னு தெரியல. கடையைத் திறக்கறதில்ல, குளிக்கறதில்ல. இவங்க காய் வாங்கப் போனாக்கூட எங்கன்னு கேட்டுக் கதவைப் பூட்டிக்கறாராம். திட்டு இல்ல, அடி இல்ல. வேற பேச்சே இல்ல. செத்த வீட்டுல இன்னும் பிணத்தை எடுக்காம வச்சிருக்கற மாதிரி இருக்கு, அதுக்கு நான் காவல் இருக்கேன்னு சொன்னாங்க.

— என் வாலுவா அப்படிச் சொன்னா?

— சொல்லும்போது அழல அண்ணி. அதான் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

— அந்த வீட்டுக்கு அவளைக் கொண்டு வந்தது நான். ஒரே வீட்டுல வாக்கப்பட்டா கடைசி வரைக்கும் ஒண்ணா இருக்கலாம்டின்னு நான்தான் பேசி முடிச்சேன். சரி, போகட்டும். போறவ போக வேண்டியதுதானே. அதுக்கு எதுக்கு என் முகத்தை மறைக்கணும்? போகும்போது கூட என்னைப் பார்க்கப் பிடிக்கலையா?

— பையைக் கட்டி கட்டிலுக்கு அடியில வச்சிருக்காங்க. ஏற்கெனவே கிளம்பியிருக்காங்க அண்ணி, ஒரு தடவை இல்ல. அறையிலேருந்து வாசலுக்குப் போகணும்னா அந்தப் பக்க ஹாலைத் தாண்டணும். தாண்டும்போது தொட்டியில நீங்க தெரிவீங்க. காய் நறுக்கிட்டு உக்காந்திருப்பீங்க. நிமிர்ந்து பார்த்துக் கை காட்டுவீங்க. அவ்வளவுதான். பையைத் திரும்பக் கொண்டு போய் வச்சுட்டு உங்க முன்னாடி வந்து உக்காந்துடுவாங்களாம்.

— கை காட்டினதுக்கா?

— அக்கா என்னை நம்பி அங்க உக்காந்திருக்கா, நான் போயிட்டா அவ யாரைப் பார்ப்பா, அந்த முகம் தெரியற வரைக்கும் என்னால வாசலைத் தாண்ட முடியாதுன்னாங்க.

— நான் அவளுக்குத் துணையா இருக்கேன்னு நினைச்சேன் தம்பி.

— துணையாத்தான் இருந்தீங்க.

— இல்ல. இத்தனை நாளும் அவ வாசலை அடைச்சுக்கிட்டு உக்காந்திருந்திருக்கேன். சுவர் கட்டினவங்களைத் திட்டித் திட்டி, அவங்க கட்டாத இடத்துல நான் நாற்காலியைப் போட்டுக்கிட்டிருந்திருக்கேன். ஒரு துணியைப் போட்டு அவளே மூடியிருக்கலாமே, எதுக்கு உன்னை அலைய விடணும்?

— கேட்டேன். நான் திரை போட்டா நானே மூடினதா ஆயிடும், அக்கா தாங்க மாட்டா. லைட் வந்து மூடினா யார் மேலயும் வருத்தமில்லன்னாங்க.

— இதை மட்டும் நல்லா யோசிச்சிருக்கா.

— அண்ணி, நான் ஒரு வழி சொல்றேன். நீங்க கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராம உள்ளயே இருந்துடுங்களேன். லைட்டே வேண்டாம்.

— நான் இங்க இல்லன்னா, அக்காவுக்கு என்னாச்சோன்னு கண்ணாடியில முகத்தை வச்சுக்கிட்டு நின்னுடுவா. அவளை எனக்குத் தெரியாதா? சின்ன வயசுல நான் பள்ளிக்கூடம் விட்டு வர நேரமானா சாப்பிடாம வாசல்ல நிப்பா. அவளா பார்க்கறதை நிறுத்த மாட்டா. நானும் நிறுத்த மாட்டேன். வேற யாராவதுதான் நிறுத்தணும்.

— அதோ.

— என்ன?

— வந்துட்டாங்க. திரும்புங்க.

— எப்பவும் இந்த நேரத்துக்கு வருவா. எண்ணெய் கூட வைக்காம தலையைப் பாரு. நல்ல சேலை கட்டியிருக்கா. வெளியில போற சேலை அது.

— நான் இங்க நிக்கறதையும் பார்த்துட்டாங்க. நான் சொல்லிட்டேன்னு தெரிஞ்சுபோயிருக்கும்.

— தெரியட்டும். வாயைத் திறந்து மூடுறா. இரு, பேசாதே.

— புரியுதா அண்ணி?

— புரியுது. இன்னிக்கு மட்டும் நல்லா புரியுது. போகட்டுமாங்கறா.

— நீங்க ஒண்ணும் சொல்லலையே.

— தலையாட்டிட்டேனே, நீ பார்க்கலையா? போன்னு கையையும் காட்டிட்டேன். இன்னும் நிக்கிறா பாரு. கண்ணாடியில கையை வச்சுக்கிட்டு நிக்கிறா. போன்னு சொன்னாலும் போக மாட்டா இவ. பெருசை எடு.

— யோசிச்சுச் சொல்லுங்க அண்ணி. மாட்டின பிறகு வேண்டாம்னா, நானே வந்து கழட்டினாக்கூட...

— யோசிச்சா நிலா லைட்டைத்தான் கேப்பேன். யோசிக்க விடாதே. ஏறு ஸ்டூல்ல. மீன் மூலையில ஒண்டிக்கிட்டா ஒண்டிக்கட்டும், கொஞ்ச நாள் பொறுத்துக்கட்டும். நானும் பொறுத்துக்கறேன். எவ்வளவு வெளிச்சம் வருமோ அவ்வளவையும் வச்சு மாட்டு.

— இந்த வீட்டுல மீனுக்கு என்ன வேணும்னு யோசிச்சது நான் ஒருத்தன்தான் போல.

— வண்டிச் சத்தம் கேக்குது. அவர் வந்துட்டார். நீ மாட்டிட்டே இரு. அவ கூப்பிட்டான்னு ஒரு வார்த்தை வாயிலேருந்து வரக் கூடாது. கிளம்பறது தெரிஞ்சுதுன்னா, தம்பி பொண்டாட்டி ஓடிப்போயிட்டான்னு தெருவெல்லாம் பேச்சாயிடும்னு போய் அந்தக் கதவுல நிப்பார். பகை ஒரு பக்கம், மானம் ஒரு பக்கம்.

— என்ன தொட்டி, நம்ம வீட்டுல ஏறி நிக்கிறே? ஆளையே காணோமேன்னு பார்த்தேன்.

— வணக்கம்ணே. லைட் மாட்டலாம்னு வந்தேன்.

— யார் வரச் சொன்னது?

— நான்தாங்க.

— நீயா?

— டியூப் போய் இருட்டா கிடக்கே. நீங்களா ஆளைக் கூப்பிடற வழியைக் காணோம். நானே வரச் சொல்லிட்டேன்.

— இவ்வளவு பெருசு எதுக்கு? நாம மீன் வளர்க்கறோமா, மேட்ச் நடத்தறோமா?

— அந்தப் பக்கம் தெரியக் கூடாதுன்னுதான். எப்பப் பார்த்தாலும் அந்த வீடே கண்ணுல வந்து நிக்குது. எனக்கு அலுத்துப்போச்சு.

— உன் தங்கச்சி இருக்கற வீடு அது.

— இருந்தா என்ன? அந்த வீடு செத்துப்போச்சுன்னு நினைச்சுக்கோன்னு நீங்கதானே சொன்னீங்க. நினைச்சுக்கிட்டேன். செத்துப்போனவங்க முகத்தை எத்தனை நாளைக்குப் பார்த்துட்டு உக்காந்திருக்கறது? அவ முகமும் வேண்டாம், யார் முகமும் வேண்டாம்.

— நீ இப்படிப் பேசி நான் கேட்டதில்ல.

— இப்ப கேட்டுக்கங்க. தம்பி, வயரைக் கொடு, ஸ்விட்சை நானே போடறேன்.

— போடாதே.

— ஏங்க?

— போடாதேன்னு சொல்றேன். தொட்டி, கீழ இறங்கு. கழட்டு அதை.

— அண்ணே, பாதி மாட்டிட்டேன்.

— பாதியோ முழுசோ, கழட்டு. பெருசும் வேண்டாம், சின்னதும் வேண்டாம். இந்தத் தொட்டிக்கு லைட்டே வேண்டாம்.

— அந்த வீட்டுப் பேச்சே ஆகாதுன்னீங்க. நான் அவளோட பேசக் கூடாதுன்னீங்க. இப்ப நானா மூடறேன்னா தடுக்கறீங்க. உங்களுக்கு என்னதான் வேணும்?

— நீ தூங்கின பிறகு நான் இங்க வந்து உக்காருவேன். அவன் எழுந்து அந்த ஹாலுக்கு வந்து லைட்டைப் போட்டு ஒரு வாய் தண்ணி குடிக்கிறானான்னு பார்ப்பேன், பார்த்துட்டுப் போய்ப் படுப்பேன். இதையும் அடைச்சிட்டா, என் தம்பி உயிரோட இருக்கானான்னு நான் யாரைப் போய்க் கேப்பேன்?